நீதிபதியின் கோட்டு

அலமாரிக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்ட பிறகுதான் தெரேசாவுக்கு நினைவு வந்தது. கோட்டு மாட்டும் மரத்தாங்கி மட்டும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் பட்டதும் அது இப்படியும் அப்படியும் ஆடியது. அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறியது. அவள் தாங்கியைப் பிடித்து நிறுத்தினாள்.

முன்னறையில் வில்லியம் காத்திருந்தான். பினாங்கு ரோட்டுக் கோயிலுக்குப் பின்னால் சவப்பெட்டிக் கடை வைத்திருப்பவன். பெட்டி செய்வதோடு, ஆண்களைக் குளிப்பாட்டி உடுத்திவிடுவதும் அவன் வேலை. செபாஸ்டியனுக்குக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டு, டை கட்டி, தலையையும் வாரிவிட்டிருந்தான்.

"கோட்டு எங்கக்கா?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"பள்ளிக்கூடத்துல இருக்கு."

"ஆளு இங்க இருக்காரு. கோட்டு பள்ளிக்கூடத்துல என்னா செய்யுது?"

தெரேசா வந்து அண்ணனின் தலைமாட்டில் நின்றாள். பெஞ்சின் மேல் விரித்த துணியில் அவர் நீளமாகக் கிடந்தார். கறுப்பு டையின் இரு பக்கமும் வெள்ளைச் சட்டை அகலமாகத் தெரிந்தது. உடுத்திக்கொண்டிருக்கும்போதே யாரோ கூப்பிட்டு, அப்படியே வெளியே வந்துவிட்டவர்போல இருந்தார்.

மூன்று மணிக்கு அடக்கம். அதற்கு முன்னால் படம் பிடிக்கச் சீனன் வருவான். பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நிற்க, நடுவில் இறந்தவர் கோட்டும் டையுமாகக் கிடக்கும் படம், கோயிலைச் சேர்ந்த எல்லா வீட்டிலும் ஒன்று இருந்தது. நாகப்பட்டினத்தில் இருக்கும் சித்தப்பா மக்களுக்கும் ஒன்று போகும். அவர்கள் செபாஸ்டியனைப் பார்த்ததில்லை. இனி பார்க்கப்போவது அந்தப் படத்தைத்தான்.

அவர்களுடைய அப்பா நிபோங் திபால் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அவரை வேட்டியோடு பாயில் சுற்றிப் புதைத்தார்கள். படம் இல்லை. மகன், பிரதர்மார் என்ற துறவிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே வாத்தியாராகி, ஆங்கிலப் பிரிவுக்குத் தலைவரான வருஷம்தான் அந்தக் கோட்டைத் தைத்துக்கொண்டார். காம்பெல் ஸ்திரீட் தையல்காரன் மூன்று முறை அளவு பார்த்தான். ஈஸ்டர், கிறிஸ்துமஸ், ஆங்கிலப் பிரிவின் இலக்கிய விழா, இந்த நாட்களில் மட்டும் அது வெளியே வரும். மற்ற நாட்களில் தெரேசா அதற்குக் காவல். தோட்டத்து லயத்திலிருந்து இந்த ஆர்கைல் ரோட்டு வீடுவரை வந்த தூரம் முழுவதும் அந்தக் கோட்டில் இருப்பதாக அவள் நினைத்துக்கொள்வாள். யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கோட்டைப் போன வாரம் அவளே கத்தரித்தாள்.

இலக்கிய விழா என்பது வருஷக் கடைசியில், விடுமுறைக்கு முந்தின நாள் மாலை நடப்பது. ஆங்கிலப் பிரிவின் மேல்வகுப்பு மாணவர்களும், வாத்தியார் வேலைக்குப் பயிற்சி பெறும் இளைஞர்களும் கூடிச் செய்வார்கள். பாட்டு, பேச்சு, விவாதம், கடைசியில் அவர்களே எழுதிய ஒரு நாடகம். கல்லூரி வேண்டுமானால் சிங்கப்பூருக்குப் போகவேண்டும். இந்தத் தீவில் அதற்கு அடுத்தபடி நாங்கள்தான் என்று அவர்கள் பெருமைப்பட்டுக்கொள்வார்கள். சனிக்கிழமைகளில் வாத்தியார்கள் எல்லாரும் செபாஸ்டியன் வீட்டில்தான். சீனர், யூரேஷியர், தமிழர் என்று முன்னறை நிறைந்துவிடும். தெரேசா காப்பியும் கச்சான் பூத்தே என்கிற வறுத்த கடலையும் கொண்டுவந்து வைப்பாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. தகரக்கூரையில் மழை பெய்வதுபோல அது பெய்துகொண்டிருக்கும். யார் சிரிக்கிறார்கள், யாருக்குக் கோபம் வந்துவிட்டது என்பது மட்டும் தெரியும்.

நாடகத்துக்கு வேண்டிய பொருள்களை வாங்கும் வழக்கம் பிரிவில் இல்லை. எல்லாம் அவரவர் வீட்டிலிருந்து வரவேண்டும். வாத்தியார்கள் வீட்டுக் குத்துவிளக்கு, போர்வை, கடிகாரம், நாற்காலி, மனைவிமாரின் சேலை எல்லாம் மேடை ஏறும். அப்படி ஏறியதைத் திரை விழுகிறவரை யாரும் திருப்பிக் கேட்கக்கூடாது. இது செபாஸ்டியன் வைத்த சட்டம். ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த நாள் ஒன்பது பேர் வந்து நிற்பார்கள் என்பார்.

தெரேசாவின் நீலப் பட்டுச் சேலை அப்படித்தான் போயிற்று. கப்பல் உடையும் நாடகம் ஒன்றில் அது கடல். திருநாவுக்கரசு வாத்தியார் ஒரு முனையையும் செபாஸ்டியன் மறு முனையையும் பிடித்துக்கொண்டு, பக்கத்திரைகளுக்குப் பின்னால் நின்று அலை எழுப்புவார்கள். அந்த வாரம் நிபோங் திபாலில் ஒரு கல்யாணம். அங்கே அவளைப் பார்க்க ஒரு வீட்டார் வருவதாக ஏற்பாடு. சேலையைக் கேட்டாள். "திரை விழட்டும்" என்றார் அண்ணன். நூல் சேலையில் போனாள். பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். சேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து, அந்தச் சட்டத்தை நினைக்கும்போதெல்லாம் அவள் வாய் கசந்தது.

இந்த வருஷ நாடகத்தில் ஒரு நீதிமன்றம். நீதிபதிக்கு அங்கி வேண்டும். செபாஸ்டியன் தம் கோட்டையே கொடுத்தார். நீதிபதியாக நடிக்கும் இப்ராஹிம் ஒல்லி. தெரேசா பக்கத் தையல்களை உள்ளே மடித்துத் தைக்கப் பார்த்தாள்.

"வெட்டிடு தெரேசா. மடிச்சு வச்சா விளக்கு வெளிச்சத்துல முண்டு முண்டாத் தெரியும்."

"அப்புறம் கிறிஸ்துமஸ்க்கு என்னத்த போடுவே?"

"சட்டையோட போறேன். சாமி பாக்கமாட்டாரா?"

வெட்டினாள். கணுக்காலைத் தொடும்படி கீழே கறுப்புத் துணியை ஒட்டுப்போட்டாள். முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் சிவப்புப் பட்டை.

இதையெல்லாம் வில்லியமிடம் விளக்கிச் சொல்லத் திராணி இல்லை. பாதி சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்.

"சின்னதாயிருந்தா சுசா இல்லக்கா, ஒரு சிரமமும் இல்ல. முதுகுப் பக்கம் மேலேருந்து கீழ வரைக்கும் கிழிச்சிட்டு, ரெண்டு கையையும் மாட்டி, முன்னால இழுத்துச் செருகிடலாம். படத்துல துளிகூடத் தெரியாது. பாதிப் பேருக்கு நான் அப்படித்தான் செய்யறேன். செத்த பின்னால எல்லாரும் ஊதிப் போறாங்கல்ல."

வாசலில் நாற்காலிகள் இறங்கும் சத்தம் கேட்டது. விழா மண்டபத்துக்காக அடுக்கி வைத்திருந்த பள்ளிக்கூடத்து நாற்காலிகள். மாட்டுவண்டி அவற்றைத் துக்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தது. கூடவே திருநாவுக்கரசு வந்தார். பிரிவில் செபாஸ்டியனுக்கு அடுத்தவர். அவரோடு அதிகம் சண்டை போட்டவரும் அவர்தான். குட்டையான, பருத்த மனிதர். முகம் முழுக்கத் தாடி முளைத்திருந்தது. இன்று மாலை நடக்கவிருந்த விழாவைப் பள்ளிக்கூடத்து மேலாளர் பிரதர் ரத்து செய்துவிட்டதாகச் சொன்னார். தலைமை விருந்தினருக்கு ஆள் போயிருக்கிறது. மாணவர்கள் நாளைக் காலைப் படகில் ஊருக்குப் புறப்படுகிறார்கள், ஆகவே விழா இனி இந்த வருஷம் இல்லை.

கோட்டு விஷயத்தைக் கேட்டதும் அவர் தம் கோட்டின் பொத்தானைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

"இத போடுங்க."

வில்லியம் அவரை மேலும் கீழும் பார்த்தான். "இது அவருக்கு இடுப்போட நின்னுடும் சார்."

"இரவல் கோட்டுல அவர அனுப்ப மாட்டேன்" என்றாள் தெரேசா. "அவரு கோட்டு வேணும். அவருதான் வேணும்னு கேக்கல, நான் கேக்கறேன். எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

திருநாவுக்கரசு தலையாட்டினார். விழாதான் இல்லையே, இனி அந்தக் கோட்டால் மேடைக்கு என்ன வேலை என்று சொல்லி ஆள் அனுப்பினார்.

இப்ராஹிமே கொண்டுவந்தான். படுக்கை விரிப்பில் சுற்றி, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி, கடற்கரையோரப் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்தே வந்திருந்தான். பயிற்சி வகுப்பு மாணவன். அடுத்த வருஷம் வாத்தியார். அம்மா மலாய்க்காரி, அப்பா வழி தமிழ். அவனைப் பார்த்ததும் முன்னறையில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நேற்று ஒத்திகையில் செபாஸ்டியன் இறந்தபோது அவர் எதிரில் நின்றவன் அவன் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

தெரேசா அவனைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்த் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அடுப்படியில் பக்கத்து வீட்டு வடிவம்மாள் எல்லாருக்கும் காப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். ஒரு குவளை இவனுக்கும் வந்தது. குடிக்காமல் வைத்திருந்தான்.

"நான்தாங்க்கா வரிய மறந்தது" என்றான்.

தெரேசா அங்கியை மடியில் விரித்தாள். சவர பிளேடை எடுத்தாள்.

"சுத்தியல மூணு தடவ தட்டிட்டு நான் தீர்ப்பு சொல்லணும். தட்டுனேன். வரி வரல. சார் எப்பவும்போல ஓரத்துல நாற்காலி போட்டு, தாள மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. எடுத்துக் குடுப்பாருன்னு நின்னேன். குடுக்கல. எல்லாரும் அப்படியே நிக்கிறாங்க. எனக்குக் கொஞ்சம் கோவங்கூட வந்திச்சு. நானா கண்டுபிடிக்கணும்னு வேணும்னே சும்மா இருக்காருன்னு நெனச்சேன்."

"அப்படிச் செய்யற ஆளுதான்" என்றாள் தெரேசா.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் அவன் குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"தெரியலக்கா. யாரோ பின்னாலேருந்து சார் சார்னு கூப்பிட்டாங்க. அப்புறந்தான்."

கீழ் ஒட்டுத் துணி இயந்திரத் தையல். ஒரு நுனியை அறுத்து இழுத்ததும் சரசரவென்று கழன்று வந்தது. அங்கியின் பாதி உயரம் குறைந்து, மறுபடி கோட்டுபோலத் தோற்றம் வந்தது. தெரேசாவுக்கு மூச்சு லேசாகியது. இடது பக்கத்துச் சிவப்புப் பட்டையை எடுத்தாள். அது அவள் கைத்தையல். நூலுக்கு நூல் ஒரே அளவு. பிளேடின் நுனி ஒவ்வொன்றிலும் நுழைந்து வெளியே வந்தது. பட்டை தளர்ந்து மடியில் விழுந்தது.

வலது பக்கத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

அந்தப் பக்கத் தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. சில இடத்தில் நூல் துணியை இழுத்துச் சுருக்கியிருந்தது. மார்புக்கு நேரே ஒரு பெரிய முடிச்சு. முந்தாநாள் மாலை. இருட்டுகிற நேரத்தில் அவளுக்குக் கண் மங்கியது. மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தாள். "இங்க குடு, நான் தைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு செபாஸ்டியன் விளக்கடியில் உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோக்கவே அரைமணி ஆயிற்று. தைத்துக்கொண்டே, இப்ராஹிமைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். பயலுக்குக் குரல் நன்றாக இருக்கிறது, தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு நின்றுவிடுகிறான், வரி மறந்துபோகிறது, மேடையில் ஒரு தடவை தப்பில்லாமல் சொல்லிவிட்டால் பிறகு வகுப்பில் ஆயுசுக்கும் பயப்படமாட்டான் என்றார். இந்தத் தையலைப் பார்த்தால் ஊர் சிரிக்கும் என்று அவள் சொன்னாள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்று அவர் சொன்னார். அவர் தூங்கிய பிறகு பிரித்துவிட்டுச் சரியாகத் தைக்கவேண்டும் என்று நினைத்திருந்தாள். அசதியில் விட்டுவிட்டாள். காலையில் அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தெரேசா அந்த முடிச்சின் மேல் கட்டை விரலை வைத்தாள். பிளேடு மறு கையில் இருந்தது. வீட்டுக்குள் ஜெபமாலை சொல்லும் சத்தம் எழுந்து அடங்கியது. மறுபடி எழுந்தது.

"நான் பிரிச்சுத் தரவாக்கா?" என்று இப்ராஹிம் கேட்டான்.

"வேணாம்."

பிளேடை இயந்திரத்தின் பலகைமேல் வைத்தாள்.  பிறகு இடது பக்கத்துப் பட்டையை மடியிலிருந்து எடுத்து, ஓரத்தை நீவி, பழைய இடத்தில் பொருத்திப் பார்த்தாள்.

"சாருக்கு அடுத்தபடி யாரு வரி எடுத்துக் குடுப்பா? திருநாவுக்கரசு வாத்தியாரா?"

"நாடகந்தான் இல்லையேக்கா."

"அத நான் கேக்கல."

அவன் விழித்தான். "ஆமா, அவருதான்."

"போயி அவரக் கூட்டிட்டு வா."

திருநாவுக்கரசு வந்தபோது, ஒட்டுத் துணி இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மிதிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

"விழாவ நிறுத்த வேணாம்னு பிரதர்கிட்ட சொல்லுங்க."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "தெரேசாம்மா, மூணு மணிக்கு அடக்கம். ஆறரைக்கு நாடகமா? ஊரு என்னா சொல்லும்?"

"மேடைக்குக் குடுத்தத திரை விழாம திருப்பிக் கேக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

"அவருதான். எங்க வீட்டுக் குத்துவிளக்க தீபாவளிக்குக் கேட்டேன். தரமாட்டேன்னுட்டாரு. ஜெயலெட்சுமி இன்னும் அத சொல்லிக் காட்றா." சொல்லிவிட்டு அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பியபோது குரல் மாறியிருந்தது. "கோட்டு இல்லாமயா அனுப்பறது? படம் புடிக்க வர்றான். நீங்கதான் அவ்வளவு ஆசைப்பட்டு..."

"ஆசைப்பட்டேன்."

இயந்திரம் நின்றது. அவள் நூலை அறுத்தாள்.

"நாளைக்கு இந்தப் பையங்க ஆளுக்கொரு ஊரா போயிடுவாங்க. இவன் அந்த வரிய சொல்லாமயே போயிடுவான். எங்க போனாலும் அந்த மேடையிலதான் நின்னுக்கிட்டிருப்பான். போயி சொல்லுங்க."

அவர் போனார். முன்வாசலில் அவர் தணிந்த குரலில் ஆங்கிலத்தில் பேசுவது கேட்டது. பிறகு, துக்கத்துக்கு வந்திருந்த மேலாளர் பிரதர் ஏதோ ஒன்றைக் கேட்டார். இவர் பதில் சொன்னார்.  வெள்ளை அங்கியின் ஓரம் கதவருகே தெரிந்தது. அயர்லாந்துக்காரரான அந்தக் கிழவர் பின்கட்டுவரை வந்து, தெரேசாவையும் அவள் மடியில் இருந்ததையும் பார்த்துவிட்டு, தலையைத் தாழ்த்திவிட்டுத் திரும்பிப் போனார்.

"சரிங்கறாரு" என்றார் திருநாவுக்கரசு.

வடிவம்மாள் அடுப்படியிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சேர்ந்து காய் நறுக்கிய, பண்டம் மாற்றிக்கொண்ட பழக்கத்தின் உரிமையோடு வெளியே வந்தாள்.

"ஏன் தெரேசா, பொணம் வெளிய போன சூடு ஆறாது, அதுக்குள்ள கூத்தா? எங்க சனங்க சாவுல மோளம் அடிச்சாலே ஒங்க சாமியாரு மூஞ்சச் சுளிப்பாரு."

"அவரு வேல பாதியில நிக்குதுக்கா."

"செத்தவங்க எல்லாரு வேலையும் பாதியிலதான்லா நிக்குது."

 வடிவம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சாப்புட்டியா?" என்று கேட்டு, இல்லை என்று தெரிந்ததால் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள்.

அந்த நேரத்தில்தான் மார்க்கெட் ஸ்திரீட் பூக்கடை சுப்பையா கூடையோடு வாசலில் வந்து தயங்கினான். விழாவுக்கு மாலை வேண்டும் என்று வாத்தியாரே நேற்றுக் காலை நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனாராம். தலைமை விருந்தினருக்குப் பெரிதாக ஒரு ரோஜா மாலை, மற்றவர்களுக்குச் சின்ன மாலைகள். கட்டி முடித்த பிறகு சாவுச் சேதி வந்தது. எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் இரண்டு இடத்துக்கும் நடுவில் நின்றிருக்கிறான்.

"பெருச இங்க வை" என்றாள் தெரேசா. "சின்னதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போ. வாடாம தண்ணி தெளிச்சு வை."

சிவப்புப் பட்டையையும் தைத்து முடித்து இப்ராஹிமிடம் அங்கியைக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, வந்தது போலவே விரிப்பில் சுற்றி, செபாஸ்டியன் கிடந்த பெஞ்சைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றுவிட்டுப் போனான். வில்லியம் அது போவதை வாயைத் திறந்தபடி பார்த்தான்.

"கிழிச்சா போதும்னு சொன்னேனேக்கா."

"அதத்தான் வேணாங்கறேன்."

அவள் மறுபடி அலமாரியைத் திறந்தாள். இந்தத் தடவை கீழ்த்தட்டில், பழைய தலையணை உறைக்குள் இருந்ததை எடுத்தாள். நீலப் பட்டு. மேடையில் கடலாக இருந்து வெளுத்திருந்தது. கரையில் மேடைப் பலகையோடு ஆணி அடித்த ஓட்டைகள். நாடகம் முடிந்து அதைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் பிரித்துக்கூடப் பார்க்காமல் வைத்தது.

பெட்டிக்குள் செபாஸ்டியனை இறக்கியதும், அந்தச் சேலையை நான்காக மடித்துக் காலிலிருந்து மார்புவரை போர்த்தினாள். சட்டைக் காலரும் டையும் மட்டும் மேலே தெரிந்தன. கைகளைச் சேர்த்து ஜெபமாலை சுற்றி, நீலத்தின் மேல் எடுத்து வைத்தாள். "பொம்பளச் சேலையையா?" என்று வில்லியம் முணுமுணுத்தான். வயதான உறவுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 

படம் பிடிக்கிறவன் முக்காலியை நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, இன்னும் நெருங்கி நிற்கும்படி கையைக் காட்டினான். ஆங்கிலப் பிரிவு வாத்தியார்கள் பின்வரிசையில் வந்து நின்றார்கள். திருநாவுக்கரசு பெட்டியின் கால்மாட்டுக்கு வந்தவர், குனிந்து பார்த்தார். கரையில் இருந்த ஆணி ஓட்டைகளை விரலால் தொட்டார்.

"கடல்" என்றார்.

பக்கத்தில் நின்றவர்களுக்குப் புரியவில்லை. அவர் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, சேலையின் தம் பக்கத்து முனையைப் பிடித்து, சுருக்கமில்லாமல் மெல்ல இழுத்துவிட்டார். படம் பிடிக்கிறவன் பொறுமையிழந்து குரல் கொடுத்த பிறகுதான் எழுந்தார்.

வெஸ்டர்ன் ரோட்டுக் கல்லறையில் மழை தூறியது. மண் போட்டு முடித்ததும் ஆண்கள் கைகழுவப் போனார்கள். சிலர் தெரேசாவிடம் வந்து சொல்லிக்கொண்டார்கள். சிலர் சொல்லாமல் போனார்கள். விழா சேதி பரவியிருந்தது. கோயில் உபதேசியார் அவளைப் பார்க்காததுபோலக் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். வடிவம்மாள் மட்டும் வாசல்வரை கூட வந்து அவளை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு, நேராக வீட்டுக்குப் போகும்படி சொன்னாள்.

ஆர்கைல் ரோட்டு முனை வந்ததும் ரிக்‌ஷாக்காரன் திரும்பப் பார்த்தான். தெரேசா நேராகப் போகச் சொன்னாள்.

பள்ளி மண்டபத்தில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். காலையில் அவள் வீட்டு வாசலில் இறங்கிய நாற்காலிகள் உள்ளே வரிசையாக நின்றன. சிலவற்றின் காலில் செம்மண் ஒட்டியிருந்தது. அவள் முன்வாசலுக்குப் போகவில்லை. ஒவ்வொரு வருஷமும்போலப் பக்கவாட்டுக் கதவு வழியாக மேடைக்குப் பின்னால் போனாள். அங்கே ஒரு மூலையில் அவளுக்கென்று முக்காலி இருக்கும். கடைசி நேரத்தில் கிழிவதையும் அறுவதையும் தைத்துக்கொடுக்க ஊசி நூலோடு உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கும் யாரோ அதைப் போட்டிருந்தார்கள். அவள் வருவாள் என்று நினைத்துப் போட்டார்களா, வழக்கத்தில் போட்டார்களா தெரியவில்லை. வக்கீல் வேஷம் போட்டிருந்த சீனப் பையன் அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். மற்றவர்களும் நின்றார்கள். அவள் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

இப்ராஹிம் அங்கியோடு வந்தான். கீழே கணுக்காலைத் தொட்டது. வலது கைப் பொத்தான் ஒன்று நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கேட்காமலே அவன் கையை நீட்டினான். ஊசி நான்கு தடவை உள்ளே போய் வந்தது. அவன் விரல்கள் சில்லென்று இருந்தன.

"மறந்துபோச்சுன்னா என்னாக்கா செய்வேன்?"

"நில்லு. வரும்."

திரை ஏறியது. மேடையின் அந்த ஓரத்தில், வழக்கமான நாற்காலியில், திருநாவுக்கரசு மடியில் தாளோடு உட்கார்ந்திருந்தார். தெரேசா இருந்த மூலையிலிருந்து மேடையில் நிற்பவர்களின் முதுகுகள்தான் தெரியும். இத்தனை வருஷமும் அவள் பார்த்த நாடகங்கள் எல்லாம் முதுகுகள்தான். ஆங்கிலம் பெய்துகொண்டிருந்தது. யாரோ அழுதார்கள். யாரோ வாதாடினார்கள். சபையில் ஒருமுறை சிரிப்பு எழுந்தது. பயந்துபோனதுபோல உடனே அடங்கியது.

பிறகு சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

மண்டபம் அமைதியாயிற்று.

தெரேசா நிமிர்ந்தாள். திருநாவுக்கரசின் வாய் திறந்தது. அவர் அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். மேடையின் நடுவில் அவளுக்கு முதுகு காட்டியபடி இப்ராஹிம் நின்றான். விளக்கு வெளிச்சத்தில் கறுப்புத் துணி பளபளத்தது. கழுத்துப் பட்டையிலிருந்து இடுப்புவரை நடுத்தையல் ஒரே நேர்கோடாக, எங்கும் கிழியாமல் இறங்கியது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் இழுத்த மூச்சில் அந்தக் கோட்டின் முதுகு மெல்ல விரிந்தது. தோள்கள் உயர்ந்தன. தையல்கள் இரு பக்கமும் இழுபட்டு, அறுந்துபோகாமல் நின்றன.